நாக்கு வெளியே இருந்த சுருள்

ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, வருடக்கணக்காகச் சண்டையில்லாமல் இருந்தார்கள் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இருந்தார்கள். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். மாமியார் வாயில் அப்படி வந்தது, தெருவுக்கும் அதுவே பழகிப்போனது. இரண்டு பேரும் நகமும் சதையுமாக இருப்பதைப் பார்த்து, சொந்தக்காரர்கள் கண் வைத்துவிட்டுப் போவார்கள். பெரியவளை அக்கா என்று சின்னவள் கூப்பிட்டது முறைக்காக அல்ல. கூடப் பிறந்தவள் இல்லாத குறை தீர்ந்தது என்று மனதார நம்பித்தான் கூப்பிட்டாள். நம்பியதுதான் தப்பு. சரி, அதற்கு வருவோம்.

சின்னவள் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று மைக்கில் விரட்டுகிற வேலை. முரட்டு டிரைவர்கள்கூட அவளிடம் வாலைச் சுருட்டிக்கொள்வார்கள். வண்டி நேரத்துக்கு நகரவில்லை என்றால், தூக்கம் வண்டிக்கா உங்களுக்கா அண்ணே என்று நிலையம் முழுக்கக் கேட்கும்படி கேட்டுவிடுவாள். பயணிகள் சிரித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பியிருக்கும். பெரியவள் வீட்டோடு இருந்து தையல் தைத்தாள். ஜன்னல் திரை, தலையணை உறை, சோபா உறை. பிள்ளைகள் எல்லாம் வெளியூரில் படிப்பு. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை. அவர்களைப் பற்றி அவ்வளவு சொன்னால் இப்போதைக்குப் போதும்.

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபிறகு, அந்த வீட்டில் எல்லாமே அவரைத் தூக்குவதை வைத்துத்தான் நடந்தது. காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, சாயங்காலம் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. ஒருத்தி பின்னாலிருந்து அக்குளில் கை கொடுக்க வேண்டும், இன்னொருத்தி காலை ஏந்திக்கொள்ள வேண்டும். ஒரு ஆளால் முடியவே முடியாது. பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் வாட்டசாட்டமானவர்கள்தான். ஆனால் தூக்குகிற நேரம் வந்தால் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும், இன்னொருவருக்கு போன் வந்துவிடும். "எனக்கு இடுப்புதான் ஒடஞ்சிருக்கு, வாய் ஒடையல" என்று மாமியார் பிள்ளைகளைத் திட்டுவார். திட்டு அவர்களுக்கு, தூக்குவது இவர்கள்.

கேமரா வந்தது சின்னவளின் கிறுக்கால். நிலையத்துக்கு எதிரே பழைய சாமான் கடை. அங்கே கண்ணாடி அலமாரியில் சின்னதாக, கனமாக, பிலிம் சுருள் போட்டு எடுக்கிற பழைய கேமரா ஒன்று கிடந்தது. தினம் கூண்டிலிருந்து பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. பெரியவளிடம் சொன்னாள். ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிவிடுவோம் என்று பெரியவள் உடனே சொன்னாள். அந்த நேரத்தில் அவள் மனதில் கள்ளம் இருந்ததாகச் சொன்னால் அது பாவம். அப்போது இல்லை.

வாங்கினார்களே ஒழிய, எடுக்கத் தெரியவேண்டாமா? அந்தக் கேமராவில் எல்லாவற்றையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். வெளிச்சம் எவ்வளவு, லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற கதவு எவ்வளவு வேகமாகத் திறந்து மூடவேண்டும், ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார். முதல் சுருளில் இரண்டு பேரும் பார்த்ததையெல்லாம் எடுத்துத் தள்ளினார்கள். கழுவிப் பார்த்தால் வெறும் சுருள். நுனி உருளையில் மாட்டவே இல்லை, சுருள் உள்ளே அசையாமல் கிடக்க இவர்கள் பாட்டுக்குச் சொடுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இரண்டாவது சுருளில் முக்கால்வாசி கும்மிருட்டு. லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை. இந்தக் கேமராவில் நாம் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் விழுகிற கண்ணாடி வேறு. மூடி இருந்தாலும் நமக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். அன்றைக்கு இருவரும் சிரித்த சிரிப்பில் மாமியார் பக்கத்து அறையிலிருந்து என்னவோ ஏதோ என்று கத்தினார்.

படம் கழுவுகிற கடைக்காரர் ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். சுருளின் முன்னால் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதற்கு நாக்கு என்று பெயர். எடுத்து முடித்ததும் சுற்றுகிறபோது நாக்கு முழுசாக உள்ளே போகும்வரை சுற்ற வேண்டும். நாக்கு வெளியே இருந்தால் புதுச் சுருள், உள்ளே போயிருந்தால் எடுத்த சுருள், இதை மட்டும் மறந்துவிடாதீர்கள் என்றார். அன்றிலிருந்து வீட்டில் அதுதான் சட்டம். சுருள்கள் எல்லாம் சமையலறை மேசை இழுப்பறையில் கிடக்கும், நாக்கைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். இந்த ஒரு வேலைக்குத்தான் என் மருமகளுங்க நாக்கை உள்ள இழுக்கறாளுங்க என்று மாமியார் கிண்டல் செய்தார்.

மூன்றாவது சுருளில்தான் முகம் விழுந்தது. அதில் ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று உண்டு. எடுத்தது சின்னவளின் கணவர். அருமையான படம், இடது கீழ் மூலையில் தடிமனாக ஒரு கறுப்புப் பிறை மட்டும் இல்லாதிருந்தால். கேமராவைப் பிடிக்கும்போது அவருடைய இடது விரல் லென்ஸின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இன்னொன்று எடுக்கச் சொன்னார்கள். அதிலும் அதே மூலை, அதே பிறை. அதன்பிறகு அவர் கையில் கேமராவைக் கொடுக்கும்போதெல்லாம், விரலுக்குத் தனியாக ஒரு படம் எடுத்துக்கோங்க, எங்களை விட்டுடுங்க என்று பெரியவள் வம்புக்கு இழுப்பாள். மனிதர் அசட்டுச் சிரிப்பு சிரிப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் சின்னவளுக்கு அந்த அழைப்பு வந்தது. அடுத்த ஊரில் இருக்கிற பெரிய நிலையத்துக்குக் கன்ட்ரோலர் பதவி. வேலை நாளெல்லாம் அங்கேயே தங்க வேண்டும், விடுமுறைக்கு வீட்டுக்கு வரலாம். கூண்டுக்குள் அடைந்து கிடந்த வருடங்கள் முழுவதும் அவள் இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தாள். மேலதிகாரி சொன்னபோது அவளுக்குப் பேச்சே வரவில்லை. மைக்கில் ஊரை விரட்டுகிறவளுக்கு!

வீட்டுக்கு வந்து முதலில் அக்காவிடம்தான் சொன்னாள். பெரியவள் சந்தோஷப்பட்டாள், கட்டிக்கொண்டாள், அப்புறம் அழ ஆரம்பித்தாள்.

"நீ போயிட்டா அத்தையை நான் ஒத்தையா எப்படிம்மா தூக்குவேன்? ஒரு வருஷம் பொறுத்துக்கோ. நான் எங்க போயிடப் போறேன்? அடுத்த தடவை வந்தா நீ கண்ணை மூடிக்கிட்டுக் கிளம்பு, நான் பாத்துக்கறேன்."

கணவரைக் கேட்டாள். உன் இஷ்டம், ஆனா அண்ணி சொல்றதும் நியாயம்தானே என்றார். மாமியாரைக் கேட்கவில்லை. என்னால் கெடுத்துக்கொள்ளாதே, போ என்று அவர் சொல்லிவிடுவார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. மறுநாள் அதிகாரியிடம் வேண்டாம் என்றாள். நல்லா யோசிச்சியாம்மா என்று அவர் கேட்டார். யோசிச்சாச்சு சார் என்றாள். பதவி அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்குப் போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, அக்காவோடு சேர்ந்து அத்தையைத் தூக்கினாள்.

அந்த வாரங்களில் பெரியவளுக்குத் தையல் வேலை தலைக்குமேல் இருந்தது. யாரோ வாடிக்கையாளர், புது வீடாம், பெரிய ஜன்னலாம், பெரிய பெரிய இலை போட்ட துணி. கீழ் மடிப்பு அடிக்கச் சின்னவளும் உதவினாள். உதவுகிறேன் என்று ஒரு திரையைத் தலைகீழாக வைத்து மடித்து அடித்துவிட்டாள். ஒரு பக்கம் இலைகள் மேலே பார்க்க, இன்னொரு பக்கம் கீழே பார்த்தன. பிரித்துத் தைத்துவிடலாம் அக்கா என்று பதறினாள். விடு, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க என்று பெரியவள் சிரித்தாள். எவ்வளவு நல்ல வாடிக்கையாளர் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். பைத்தியக்காரி!

பதவியை விட்ட ஆற்றாமையை மறக்க அவள் கேமராவைத்தான் கையில் எடுத்தாள். இழுப்பறையைத் திறந்தால் ஒரு சுருள், நாக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. புதுசு. மாட்டினாள். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களை எடுத்தாள், டயரில் காற்றுப் பார்க்கிற மெக்கானிக்கை எடுத்தாள், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தையைப் பல கோணத்தில் எடுத்தாள். அத்தையை நடுவில் வைத்து எடுத்து அலுத்துவிட்டது. ஒரு படத்தில் ஓரமாக, கீழே, இடது மூலையில் முகம் வரும்படி வைத்து, மீதி எல்லாம் சுவரும் வெளிச்சமுமாக எடுத்தாள். இதுவரை எடுத்ததிலேயே இதுதான் நல்ல படமாக வரும் என்று அவள் மனது சொன்னது. சுருள் முடிந்ததும் நாக்கு முழுக்க உள்ளே போகும்வரை சுற்றிக் கடையில் கொடுத்தாள்.

வேலை முடிந்து படம் வாங்கப் போனபோது கடைக்காரர் உறையைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஒரே சுருளில் இரண்டு தடவை எடுத்துவிட்டீர்கள் என்றார். யாரோ எடுத்து முடித்துச் சுற்றும்போது பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள், நாக்கு வெளியே நின்றுவிட்டது, நீங்கள் புதுசு என்று நினைத்துப் போட்டுவிட்டீர்கள். முன்பாதி எல்லாம் படத்தின் மேல் படம். சின்னவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மறுபடி ஒரு அசட்டுத்தனம், அக்காவிடம் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தாள். எல்லாப் புதுசும் பழகுகிறவரைக்கும் இப்படித்தான் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று படங்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஓடுகிற பஸ்ஸுக்குள் ஒரு காலி அறை. மெக்கானிக்கின் தோள்மேல் ஒரு புதுச் சமையல் மேடை. அடுத்ததில் அத்தையின் நாற்காலியும், அதன் மேலேயே, புகை படிந்த மாதிரி, சுவரை டேப் வைத்து அளந்துகொண்டிருக்கும் அண்ணனும். சின்னவளுக்குச் சிரிப்பு நின்றது. அதற்கடுத்த படத்தில் பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு முன்னால் பெரியவள், ஒரு சாவிக்கொத்தைத் தூக்கிப் பிடித்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். பின்னால் திரை. பெரிய பெரிய இலை. ஒரு பக்கம் இலைகள் மேலே பார்க்கின்றன. இன்னொரு பக்கம் கீழே.

தன் கையால் மடித்து அடித்த திரை. அந்த நல்ல வாடிக்கையாளர் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

எப்படிப் பஸ் ஏறினாள் என்று அவளுக்கு நினைவில்லை. தெரிந்த டிரைவர், வணக்கம் சொன்னார், பதில் சொல்லாமல் போய் உட்கார்ந்தாள். என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாளே, அரைத்து அரைத்து என் கையாலேயே தண்ணீரும் தெளிக்க வைத்திருக்கிறாளே என்று பொருமினாள். போனில் எடுத்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும், அந்த வீட்டில் யார் போன் யார் கையில் என்று கணக்கே கிடையாது. சுருள் என்றால் கழுவுகிறவரைக்கும் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதற்காகத்தான் கேமரா! ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய கேமரா! ஆனாலும் கொஞ்ச தூரம் போனதும் அவள் மனம் அக்காவுக்காக வாதாடவும் தொடங்கியது. புருஷன் வற்புறுத்தியிருப்பான், சொல்லத் தயங்கியிருப்பாள், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்திருப்பாள். அப்படி நினைத்துக்கொண்டே மறுபடியும் படத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் இன்னொரு கேள்வி வந்தது. ஒரு படத்தில் அண்ணன் இருக்கிறார். ஒரு படத்தில் அக்கா இருக்கிறாள். அடுத்ததில் இருவருமே இருக்கிறார்கள். அப்படியானால் எடுத்தது யார்?

சாவிப் படத்தின் இடது கீழ் மூலையைப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் படத்தின் மேல் படம் விழுந்து குழம்பிக் கிடக்க, அந்த மூலையில் மட்டும் ஒரு பிறை அளவுக்குக் குழப்பமே இல்லை. முதல் தடவை எடுத்தபோது அங்கே வெளிச்சம் விழாமல் எதுவோ மறைத்திருக்கிறது. மறைத்த இடத்தில் சுருள் புதுசாகவே இருந்திருக்கிறது. அதனால் அவள் எடுத்த படம் அங்கே மட்டும் சுத்தமாக விழுந்திருந்தது. அந்தச் சுத்தமான இடத்தில் அத்தையின் முகம், ஒவ்வொரு சுருக்கமும் தெரிய.

எது மறைத்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

அக்கா செய்ததற்கு அவளுக்குக் கோபம் வந்தது. இதற்குக் கோபம்கூட வரவில்லை. அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டாள். நேரம் தவறாதவள் முதல் தடவையாக நிறுத்தத்தைத் தவறவிட்டு, அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து வந்தாள்.

வாசலிலேயே பெரியவள் காத்திருந்தாள். அத்தை உட்கார்ந்து உட்கார்ந்து வலிக்குது என்கிறார், வா தூக்கிவிடலாம் என்றாள். சின்னவள் பையைக்கூட இறக்கவில்லை. படத்தைச் சமையலறை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, இந்த இலை ஏன் தலைகீழா இருக்கு?"

பெரியவள் குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை. சொல்லக்கூடாது என்று இல்லை, சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று ஆரம்பித்தாள். எத்தனை நாளைக்குத்தான் கூட்டுக் குடித்தனம், எனக்கும் ஒரு வீடு வேண்டாமா என்றாள். வேண்டும்தான், யார் வேண்டாம் என்றது? தனி வீடு கேட்பது குற்றமா? போகிறேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் சின்னவளே பாத்திரம் பண்டம் கட்டிக் கொடுத்திருப்பாள். அதைத்தான் அவளும் சொன்னாள். அன்றைக்கு என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்களே, அப்போது சாவி உங்கள் கையில் இருந்ததா என்று மட்டும் கேட்டாள். பெரியவள் பழியை வேறு பக்கம் தள்ளினாள்.

"உன் வீட்டுக்காரர்தான் இப்ப சொல்ல வேண்டாம்னார். தெரிஞ்சா நீ அந்த வேலைக்குப் போயிடுவே, அப்புறம் அம்மாவை யார் பாக்கறதுன்னு கேட்டார். நீ இருக்கேங்கற தைரியத்துலதானேம்மா நாங்க வீடே பாத்தோம்."

"தெரியும். அவர் விரல் இருக்கு" என்றாள் சின்னவள்.

பெரியவள் அந்த மூலையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அன்றைக்கு அவர்தான் சுற்றி இழுப்பறையில் போட்டார், நாக்கை முழுக்க உள்ளே விடவேண்டும் என்று அவருக்குத் தெரியாது என்று முணுமுணுத்தாள். தான் செய்ததற்கு அவள் வருந்தியதாகத் தெரியவில்லை, சுருளைச் சரியாகச் சுற்றாமல் விட்டதற்குத்தான் வருந்தினாள். நாக்கு புரண்டது இவளுடையது, பழி மட்டும் சுருளின் நாக்குக்கு! இவளைத்தான் கூடப் பிறந்தவள் என்று நினைத்தேனா என்று சின்னவளுக்குத் தோன்றியது. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தார், பிறகு திட்ட ஆரம்பித்தார். சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படத்தை எடுத்துக்கொண்டு போய் அத்தையின் கட்டிலில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க அத்தை, உங்க பிள்ளைங்க வந்துடட்டும் என்றாள். மருமகள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார், அவர் வாயை மூடியது அபூர்வம்.

அண்ணனும் தம்பியும் வந்தார்கள். நாற்காலியிலேயே இருக்கிற அம்மாவைப் பார்த்து, இன்னும் தூக்கவில்லையா என்று தம்பி கேட்டார். பெரியவள் சமையலறை வாசலிலிருந்து ஏதோ கண் ஜாடை காட்டினாள், அவருக்குப் புரியவில்லை.

"இன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் தூக்குங்க" என்றாள் சின்னவள். "நாளைக்கும் நீங்கதான்."

அண்ணன் வழக்கம்போல் தன் முதுகைப் பிடித்துக்கொண்டார். சின்னவள் மைக்கில் டிரைவர்களைப் பார்த்துக் கேட்கிற குரலில், என்னண்ணே, கிளம்பலாமா என்றாள். அவர் கையை எடுத்துவிட்டார். அண்ணன் காலை ஏந்த, தம்பி பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். பழக்கமில்லாத கைகள், அம்மா வலியில் முனகினார். கட்டிலில் பாதி இறக்கியதும், சாய்ந்தவாக்கில், சின்னவள் கட்டில் ஓரத்தில் வைத்திருந்த அந்தப் படம் அவர் கண்ணில் பட்டது. எடுத்து முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டார். மேலே கிடக்கிற புகையெல்லாம் அவருக்குப் புரியவில்லை, மூலையைத்தான் பார்த்தார்.

"எல்லாம் கலங்கிக் கெடக்கு, என் மூஞ்சி மட்டும் எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு. யாரு எடுத்தது?"

"நானும் உங்க சின்ன மகனும் சேந்து எடுத்தது, அத்தை."

சின்னவளின் கணவர் அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் படத்தைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். அம்மாவின் பாரம் முழுவதும் இரண்டு கைகளிலும் இருந்தது, விட்டுவிட்டு நகர அவரால் முடியவில்லை.